மாடனைப் பேயாக்காதீர்கள்: நெல்லைச் சீமையில் திகில் கதை எழுதுவோர் செய்யும் தவறுகள்

திருநெல்வேலிப் பக்கத்தில் திகில் கதை எழுத வரும் இளைஞர்கள் இப்போது நிறைய. படித்துப் பார்க்கச் சொல்லி அவர்கள் கொடுக்கும் கதைகளில், முன்னால் எழுதியவர்கள் எல்லாம் விழுந்து எழுந்த அதே குழிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சந்திப்பிழை, அமாவாசை இரவில் நிலா காய்வது, ஐந்தாம் அத்தியாயத்தில் பாத்திரத்தின் பெயர் மாறிவிடுவது போன்றவை ஒரு முறை சுட்டிக்காட்டினால் சரியாகிவிடும். அவற்றை இங்கே பேசப்போவதில்லை. கதையையே பிரித்துக் கட்டவைக்கும் தவறுகள் சில உண்டு. அவை மட்டும்.

சாமியைப் பேயாக்குவது

கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. சென்னையிலிருந்து காரில் நான்கு நண்பர்கள் வருகிறார்கள். ஊருக்கு வெளியே, உடைமரங்களுக்கு நடுவே ஒரு சுடலைமாடன் கோயில். ஒருவன் சாமியாகக் கும்பிடும் பூடத்தின்மேல் (பீடம்) காலைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறான். அன்றிரவு தொடங்கி மாடன் ஒவ்வொருவராகக் கொல்கிறார். கடைசி ஆள் மட்டும் தப்பித்து ஓடுகிறான். முற்றும்.

இதைப் படிக்கும்போது எரிச்சல்தான் வருகிறது. பக்தி புண்படுவது ஒரு பக்கம் இருக்கட்டும். கையில் இருந்த பெரிய செல்வத்தைத் தெரியாமலே தூக்கி எறிந்திருக்கிறார்களே என்ற எரிச்சல் அது.

சுடலைமாடன் இந்தச் சீமையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் குலசாமி. பிள்ளைக்கு முதல் முடி இறக்குவது அவர் முன்னால்தான். மும்பையில் கடை வைத்திருக்கிறவர்கூடக் கொடை என்கிற கோயில் விழாவுக்கு வரி அனுப்பிவிடுவார். இங்கே ஒருவர் மாடனுக்குப் பயப்படுவது, கண்டிப்பான பெரியப்பாவுக்குப் பயப்படுவது மாதிரி. தவறு செய்தால் கேட்பார், செய்யாதவனைத் தொடமாட்டார். அப்படிப்பட்டவரைத் தெருவில் போகிறவனை எல்லாம் கடித்துக் குதறுபவராக எழுதினால் உள்ளூர் வாசகர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். வெளியூர் வாசகருக்கோ எந்த ஊரிலும் கிடைக்கிற ஒரு பிசாசுதான் கிடைக்கிறது.

பேய்க்கு இடம் உண்டு, முறை கிடையாது. புளியமரம், பாழ்கிணறு, சுமைதாங்கி என்று ஏதோ ஓர் இடத்தில் அது இருக்கும். யார் போனாலும் பிடிக்கும். சாமிக்கு முறை உண்டு. அந்த முறையில் ஒரு சின்ன ஓட்டை விழும்போது இந்த ஊர் ஆட்களுக்கு வயிறு கலங்கும். திகில் எழுதுகிறவருக்கு வேண்டியது அந்த ஓட்டைதான். அதை எழுத, முறை முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊருக்கு ஊர் மாறினாலும் கொடையின் எலும்புக்கூடு இதுதான். முதலில் விழாவுக்குக் கால் நடும் கால்நாட்டு. அன்றிலிருந்து, சாமியாடுகிற கோமரத்தாடி விரதம் இருப்பார். கொடைக்கு முந்தின இரவு சாமியை அழைக்கும் குடியழைப்பு. வில்லுப்பாட்டுக் குழுவோ, மகுடம் என்ற பறை அடிக்கும் கணியான் கூத்துக் குழுவோ, இரண்டுமோ வந்து இறங்கும். வில்லுக்காரர் சாமியின் பிறப்பிலிருந்து கதையைப் பாடிக்கொண்டு வருவார். சாமியை வரவழைக்கும் வரத்துப்பாட்டு வேகம் பிடிக்கும்போது கோமரத்தாடிக்கு அருள் வரும். சாமியாடும் உடைகளான சல்லடமும் கச்சையும் கட்டி, பந்தமும் வல்லயம் என்ற ஈட்டியும் எடுத்து ஆடுவார். நள்ளிரவில் சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார். அந்தப் பாதையில் யாரும் எதிரே வரக்கூடாது. அவர் திரும்பும்வரை கோயிலில் எல்லோரும் காத்திருப்பார்கள்.

இதில் ஒவ்வொரு படியும் ஒரு கதை. விரதம் இருந்தவர் கொடைக்கு முந்தின நாள் செத்துப்போனால் அருள் யார்மேல் வரும்? வேட்டைக்கு மூன்று பேர் போய், திரும்பும்போது இருட்டில் நான்கு பந்தம் தெரிந்தால்? வரத்துப்பாட்டில் கோமரத்தாடி அசையாமல் நிற்க, கூட்டத்தின் கடைசியில் போன மாதம் கல்யாணமாகி வந்த மருமகள் ஆடத் தொடங்கி, ஊரில் முப்பது வருடமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெயரைச் சொன்னால்? மூன்றிலும் மாடன் யாரையும் கொல்லவில்லை. பயம் மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது.

பாபநாசம் மலையில், காரையாற்றுப் பக்கம் சொரிமுத்தையனார் கோயில் இருக்கிறது. அங்கே பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவார்கள். பட்டவராயன் என்பது முத்துப்பட்டன். பிராமணராகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு மாண்டவர். கட்டிய செருப்பைப் பிறகு போய்ப் பார்த்தால், போட்டு நடந்ததுபோலத் தேய்ந்திருக்கும் என்பது பக்தர்கள் நம்பிக்கை. ரத்தமும் அலறலும் இல்லாமல், காட்டில் யாரோ இரவெல்லாம் நடந்திருக்கிறார் என்பது மட்டும் தெரிகிறது. இந்த அடக்கத்தைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் இதில் சேர்ந்திருக்கிறது. இந்தப் பக்கத்துச் சாமிகளில் பலர் கொலையுண்டவர்கள். பல கதைப்பாடல்களுக்கு அடியில் சாதியின் பெயரால் நடந்த கொலை கிடக்கிறது. செத்தவரைச் சாமியாக வைத்துக் கும்பிடும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. திருப்பம் வேண்டும் என்பதற்காக அந்தக் கதையில் கொன்றவரையும் செத்தவரையும் இடம் மாற்றுவது, அந்தக் குடும்பத்துப் பிணத்தை மறுபடி தோண்டுவதாகும். செய்யாதீர்கள்.

இந்தத் தவறு இத்தனை விலை கேட்பதற்குக் காரணம், கதை முடிந்த பிறகு திருத்த வழியில்லாததுதான். சாவுகள், காரணங்கள், முடிவு எல்லாமே மாடன்மேல் தொங்குகின்றன. அவரை எடுத்தால் மொத்தமும் சரிந்துவிடும். தொடராக வந்துகொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஊர்க்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்த வாரமே தொடர் நின்றுபோகும். எழுதி வைத்த மீதி அத்தியாயங்களுக்குப் பணமும் வராது.

எழுதத் தொடங்கும் முன்பே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். ஒரு பக்கக் கதைச்சுருக்கத்தில் மாடன் என்று வரும் இடத்தில் எல்லாம் ரத்தக்காட்டேரி என்று போட்டுப் படியுங்கள். எதுவும் இடறாமல் ஓடினால் அந்தக் கதைக்கு மாடன் தேவையில்லை. துர்மரணம் அடைந்த ஒருவரைக் கற்பனையாக உருவாக்கி, அவருக்கென்று ஓர் இடத்தைக் கொடுங்கள். சுமைதாங்கி ஒன்றே போதும். பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாக நட்ட மூன்று கற்கள். இரண்டு நிற்கும், ஒன்று மேலே படுத்திருக்கும். வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்கிற உயரம். அதன்மேல் ஒருவன் இறக்கி வைத்த மூட்டை, திரும்பத் தூக்கும்போது கூடுதலாகக் கனத்தால் கதை தொடங்கிவிட்டது.

ஆடி மாதத்தில் கொட்டும் மழை

திகில் என்றால் இடியும் மழையும் என்று மனப்பாடம் செய்துகொண்டு, ஆடி மாதத் திருநெல்வேலி டவுனில் விடிய விடிய மழையைக் கொட்டவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவம் மலைக்கு அந்தப் பக்கமே பெருமளவு கொட்டித் தீர்ந்துவிடும். குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரல் அடிக்கும். கிழக்கே வர வர வெறும் காற்றுதான். டவுனுக்கு மழைக்காலம் ஐப்பசி, கார்த்திகை.

ஆனால் அந்தக் காற்று மழையைவிட நல்ல கருவி. கதவை அறையும், மண்ணை வாரி வாயில் போடும், பனங்காட்டில் காவோலைகளை, அதாவது காய்ந்த ஓலைகளை, ஒன்றோடொன்று உரசவிடும். கூட்டமாக ஆட்கள் நடந்து வருவதுபோலவே கேட்கும். இன்னொரு கருவி தாமிரபரணி. ஊரில் சொட்டு மழை இல்லாமல் வெயில் அடிக்கும்போது மலையில் பெய்த மழையில் ஆற்றில் தண்ணீர் ஏறிவிடும். கார் நெல் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. காய்ந்த படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருப்பவளின் கணுக்காலுக்குச் சத்தமில்லாமல் தண்ணீர் வரும் காட்சிக்கு இடி எதற்கு?

பதநீரும் இப்படித்தான். மார்கழியில் பனையேறி பதநீர் இறக்கும் காட்சியை எழுதினால், இந்தப் பக்கத்து வாசகர் பேயை நம்புவதற்கு முன் உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார்.

வெள்ளைச் சேலை, கொலுசு, மல்லிகை வாசம்

வேண்டாம்.

செத்தவரைப் புத்தகத் தமிழில் பேசவிடுவது

"நான் திரும்ப வந்துவிட்டேன்" என்று ஆவி பேசுகிறது. உயிரோடு இருந்தபோது அவர் அப்படிப் பேசவில்லையே. நெல்லைப் பேச்சில் மரியாதைக்கு உள்ள வடிவமே திகிலுக்கு உதவும். தாத்தாவின் பதினாறாம் நாள் முடிந்த சாயங்காலம், நாலு வயதுப் பிள்ளை அடுக்களைக்கு வந்து, "ஆச்சி, தாத்தா தார்சால நிக்காவ" என்று சொல்லட்டும். தார்சா என்பது திண்ணையை அடுத்த முன்கூடம். 'நிக்காவ' (நிற்கிறார்கள்) என்பதில் இருக்கிற நிகழ்காலமும் மரியாதையும்தான் வேலை செய்கின்றன. அதற்குப்பின் விளக்கம் எதுவும் எழுதாதீர்கள்.

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர் "போயிட்டு வாரேன்" என்று சொல்லமாட்டார்; பேசாமல் எழுந்து போவார். கூட்டத்தில் ஒருவர் மட்டும் அதைச் சொல்லிவிட்டுப் போனால் போதும். அடுத்த அத்தியாயத்துக்கு ஆள் கிடைத்துவிட்டார்.

வட்டார வழக்கை எல்லா வரியிலும் திணிப்பதும் தவறுதான். 'ஏல', 'வே', 'எட்டி' என்று கூப்பிடும் சொற்கள் மூன்றும் யார் யாரிடம் சொல்வது என்று தெரிந்த பிறகு பயன்படுத்துங்கள். மருமகன் மாமனாரை 'ஏல' என்று கூப்பிடும் கதைகள் வருகின்றன.

வீட்டை வரையாமல் எழுதுவது

தாளில் வீட்டை வரைந்துவிட்டு எழுதுங்கள். திண்ணை, தார்சா, பட்டாசல் (நடுக்கூடம்), இரண்டாம்கட்டு, அடுக்களை, புறவாசல், கிணறு. பழைய வீடுகள் நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். கதவுகள் எல்லாம் திறந்திருந்தால் தெருவில் நிற்பவருக்குப் புறவாசல் வெளிச்சம் தெரியும். இந்த நேர்கோடுதான் காட்சிக்கு ஆதாரம். புறவாசல் வெளிச்சத்தை ஒரு கணம் ஏதோ மறைத்தது என்று எழுதினால், பார்ப்பவருக்கும் அதற்கும் நடுவே எத்தனை கதவு இருக்கிறது என்பது வாசகர் மனதில் இருக்க வேண்டும். வரையாமல் எழுதுகிறவர்கள் அடுக்களையை முதல் பக்கத்தில் வலது புறமும் எட்டாம் பக்கத்தில் இடது புறமும் வைக்கிறார்கள். வழி குழம்பிய வாசகர் பயப்படமாட்டார். கதையைப் பின்னால் திருப்பிச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்.

நாய் ஊளை

ஒரு கதைக்கு ஒரு தடவை.

பொய்க் கொக்கி

கொக்கி என்பது அடுத்த அத்தியாயத்துக்கு வாசகரை இழுக்க முடிவில் விடும் மர்மம். தொடர்கதையில் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் கதவு தட்டப்படுகிறது. அடுத்த வாரம் திறந்தால் பூனை, பால்காரர், காற்று. ஐந்து அத்தியாயத்துக்கு ஒரு பொய்க் கொக்கிதான் தாங்கும். மற்ற நான்கிலும் வாசகருக்குத் தெரியாத ஏதோ ஒன்று உண்மையிலேயே நடந்திருக்க வேண்டும். எழுதும் முன் கொக்கிகளை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள்.

"எல்லா உரிமையும்" என்ற இரண்டு சொல்

கதை அச்சாகும் மகிழ்ச்சியில், 'எல்லா உரிமையும்' என்று எழுதிய ஒப்பந்தத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். பேய்க் கதைகளை ஒலி வடிவத்திலும் இணையத் தொடராகவும் கேட்டு வாங்குகிற காலம் இது. புத்தக உரிமையோடு இவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், பிறகு வாங்க வருகிறவரிடம் விற்க உங்களிடம் எதுவும் இருக்காது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒரு தடவை படித்துவிடுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு பணம் என்பது அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா. வாங்கியவர் ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, காலாவதியாகிவிடும். அந்த 'வேறு மாதிரி' வரியைத்தான் ஒப்பந்தத்தில் தேட வேண்டும். அச்சு, மின்னூல், ஒலி, திரை என்று நான்கையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லி, தேவையானதை மட்டும் கொடுங்கள்.

'என் கருவைத் திருடிவிட்டார்கள்' என்று வழக்குக்குப் போவதில் பயனில்லை. கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இலேயே சொல்லிவிட்டது. ஆகவே ஒரு வரிக் கருவைப் போனில் சொல்லிக்கொண்டிருக்காமல், எழுதி முடித்த பிரதியை மின்னஞ்சலில் அனுப்புங்கள். தேதியோடு சாட்சி இருக்கும்.

கொடை பார்க்கப் போய் இடைஞ்சல் செய்வது

முறையைக் கற்க நேரில் போகத்தான் வேண்டும். போகிறவர்கள் வேட்டைப் படத்துக்காகச் சுடுகாட்டுப் பாதையில் ஒளிந்து நிற்கிறார்கள். ஊர்க்காரர்கள் பிடித்தால் அடுத்த வருடம் யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

முதலில் கோயில் வரி பிரிப்பவரைப் பார்த்து, எந்த ஊர், யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். வில்லுக்காரரிடம் பேசப் பாட்டுக்கு இடையில் போகாதீர்கள்; மறுநாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவரே உட்கார்ந்து பேசுவார். அவர் பாடியதைப் பதிவு செய்து எங்கும் வெளியிட வேண்டுமானால் அவர் சம்மதம் வேண்டும். நிகழ்த்துபவருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. உங்கள் கதைக்கு அவர் சொன்ன செய்தி பயன்பட்டால் பணம் கொடுங்கள். தாளில் குறிப்பெடுங்கள். சல்லடம் கட்டத் தொடங்கியதும் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, மற்றவர்கள் நிற்கிற இடத்தில் நில்லுங்கள்.