நகரத்துக்குள் ஓடும் டீசல் காரின் டிபிஎஃப் வடிகட்டியைப் பராமரிப்பது எப்படி?

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் பி.எஸ்.6 என்னும் வாகனப் புகை மாசு விதிகளின்படி விற்கப்படும் டீசல் கார்களில், புகை வெளியேறும் வழியில் டிபிஎஃப் என்னும் துகள் வடிகட்டி பொருத்தப்பட்டிருக்கிறது. தேன்கூடு போன்ற அதன் பீங்கான் கண்ணறைகளில் சேரும் கரியை, சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கார் தானாகவே எரித்துவிடும். அந்த வெப்பத்தை உண்டாக்க, பெரும்பாலான கார்களில் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசல் பீய்ச்சப்படுகிறது. பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடும் காரில் இந்த எரிப்பு பாதியிலேயே நின்றுபோவதால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. வடிகட்டி அடைபடுவதைவிட இதுவே எனக்குப் பெரிய கவலை. நீர்த்துப்போன ஆயில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையும் பேரிங்குகளையும் தேய்த்துவிடும்.

ஆகவே மாதம் இருமுறை, சமதளத்தில் நிறுத்திய காரின் இன்ஜின் ஆறிய பிறகு, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியைத் துடைத்து மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக் காரில் ஒருமுறை ஆயில் மேல் குறியைத் தாண்டி நின்றது. விரலில் தொட்டால் தண்ணீர்போல ஓடியது, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தது. ஆயில் குறைந்தால் பதறும் நாம், கூடினால் கண்டுகொள்வதில்லை. அளவு கூடியிருந்தால், சர்வீஸ் தேதிக்குக் காத்திராமல் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

வண்டி நிற்கும்போது இன்ஜின் வேகம் வழக்கத்தைவிடக் கூடியிருந்தாலோ, அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி இரைந்துகொண்டிருந்தாலோ, கரி எரிந்துகொண்டிருந்திருக்கலாம். ஓடும்போதே அதைக் கவனித்தால், அணைக்காமல் இன்னும் சிறிது தூரம் ஓட்டுவது நல்லது. வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் 20 நிமிடமாவது சீராக ஓட்டுங்கள். டிபிஎஃப் விளக்கு எரிந்தால், கையேடு சொல்லும் வேகத்தில், இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாதபடி கியரைத் தேர்ந்து ஓட்டினால் பெரும்பாலும் அந்த விளக்கு அணைந்துவிடும். இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நேரே பணிமனைக்குச் செல்லுங்கள்.

ஆயிலில் சிக்கனம் பார்க்க வேண்டாம். கரி எரிந்துபோகும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். கையேட்டில் குறிப்பிட்டுள்ள, சாம்பல் குறைந்த ரகத்தையே கேட்டு வாங்குங்கள்.

அடைப்பு அடிக்கடி திரும்பினால், வடிகட்டியை மாற்றுவதற்கு முன் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு, டர்போ குழாய், அழுத்த சென்சார் ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். கரி மிகுதியாக உண்டாகும் காரணம் அங்கே இருந்தால், புது வடிகட்டியும் விரைவில் அடைத்துக்கொள்ளும்.