கார் இல்லாமல் நீலகிரி: எத்தனை நாள் ஒதுக்கலாம்?

கார் இல்லாமல் நீலகிரிக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடங்களை எண்ணி நாள் கணக்குப் போடக் கூடாது. பேருந்தும் ரயிலும் போகும் திசைகளை எண்ணுங்கள். ஒரு திசைக்கு ஒரு நாள். நீலகிரிக்குள் வரும் வாகனங்களுக்கான இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) கவலையும் இல்லை, அரசுப் பேருந்துப் பயணிக்கு அது தேவையில்லை.

முதலில், ஏறும் நாள். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடிந்ததும் மேட்டுப்பாளையம். அங்கே காலை 7.10-க்கு மலை ரயில். ஊட்டிக்கு 46 கி.மீ. தான், ஆனால் போய்ச் சேர மதியம் ஆகிவிடும். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி, பின்னாலிருந்து பெட்டிகளை மேலே தள்ளும். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது எஞ்சினைக் கிட்டப் போய்ப் பாருங்கள், அந்தச் சூடும் ஆவியும் முகத்தில் அடிக்கும். இந்த ரயிலுக்காகவே ஒரு நாளைக் கொடுக்கலாம். முன்பதிவு திறந்த அன்றே டிக்கெட் போட்டுவிடுங்கள். அன்று மாலைக்குத் தாவரவியல் பூங்கா மட்டும் போதும்.

அடுத்து தங்குமிடம். ஊட்டியில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள், கடைசி வரை மாற்றாதீர்கள். அறை மாற்றினால் அரை நாள் போச்சு.

இரண்டாம் நாள் குன்னூர். காலை ரயிலில் இறங்கி, சிம்ஸ் பூங்கா பார்த்துவிட்டு டால்பின் நோஸ் காட்சிமுனைக்குப் போகும் பேருந்தைப் பிடியுங்கள். அந்தப் பேருந்துகள் அடிக்கடி வராது, அதனால் திரும்பும் நேரத்தை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் கோத்தகிரி, அங்கே பேருந்து மாறிக் கோடநாடு காட்சிமுனை. போகிற வழியில்தான் தொட்டபெட்டா சந்திப்பு வரும், சிகரம் அங்கிருந்து சுமார் 3 கி.மீ. ஏற்றம். ஆசைப்பட்டு அதையும் இதே நாளில் திணிக்காதீர்கள். வேண்டுமென்றால் இன்னொரு நாள் சேருங்கள்.

ஆக, மூன்று இரவு. அக்டோபர், நவம்பர் என்றால் நான்காக வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் மலை ரயிலை நிறுத்திவிடுவார்கள்.

இறங்கும் நாளில் மேட்டுப்பாளையத்திலிருந்து சென்னை ரயில் இரவு ஒன்பதுக்கு மேல்தான். இருந்தாலும் நான்கு மணிக்குள் பேருந்து ஏறிவிடுங்கள். குன்னூர் சாலை நெரிசல் என்றால் கோத்தகிரி வழிப் பேருந்தும் மேட்டுப்பாளையத்தில்தான் இறக்கிவிடும்.