பேட்டரியா, ஒயரா, காற்றா: மிஷின் வாங்கும் முன்பு

டிரில், கிரைண்டர் மாதிரிக் கையில் பிடித்து வேலை செய்யும் மிஷின் வாங்கக் கடைக்குப் போகும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். சுவிட்சை அழுத்தினால் உங்கள் வேலையில் மிஷின் எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும்? வாட்ஸ், விலை எல்லாம் அப்புறம்தான்.

ஸ்க்ரூ போடுவது, கீல் மாட்டுவது, மாடியில் கிளாம்ப் இறுக்குவது மாதிரி விட்டு விட்டுச் செய்யும் வேலைக்குப் பேட்டரியில் ஓடும் கார்டுலெஸ்தான், யோசிக்கவே வேண்டாம். ஆனால் இரும்பு வெட்டுகிற, தேய்க்கிற கிரைண்டரையும் பேட்டரியிலேயே வாங்கலாமா என்று கேட்டால் கணக்கைப் பாருங்கள்: 18 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இருப்பது 72 வாட் ஹவர், 850 வாட் இழுக்கிற வேலையை அதில் விடாமல் செய்தால் 5 நிமிடத்தில் காலி. ஒன்றிரண்டு கம்பி வெட்ட அது போதும், கேட் செய்கிற பட்டறைக்குப் போதாது. 20 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், முழு சார்ஜில் அளந்தால் அந்த 18 வோல்ட் பேட்டரியும் 20 காட்டும், இரண்டிலும் உள்ளே அதே ஐந்து செல் வரிசைதான்.

நம்ம வேலூர் வெயிலையும் சேர்த்து யோசியுங்கள். கத்திரி வெயிலில் வண்டி டிக்கியில் கிடந்த பேட்டரியைச் சார்ஜரில் போட்டால், சூடு இறங்கும்வரை பல சார்ஜர்கள் ஏற்றவே ஏற்றாது, பேட்டரியின் ஆயுளும் குறையும். ஆகவே சைட்டில் நிழலில் வையுங்கள். முதல் மிஷின் எந்தக் கம்பெனியோ, அடுத்ததையும் அதே பேட்டரி பொருந்துகிற மாதிரி பேட்டரி, சார்ஜர் இல்லாத வெறும் மிஷினாக வாங்கினால் செலவு நிறைய மிச்சம்.

பட்டறையில் ஒரே இடத்தில் நின்று நாள் முழுக்க வெட்டுவது, தேய்ப்பது என்றால் ஒயர் மிஷின். மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் குறைந்த செலவில் மாற்றிவிடலாம். எக்ஸ்டென்ஷன் ஒயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: தூரம் அதிகமென்றால் 2.5 ஸ்கொயர் எம்எம் அளவுள்ள கனமான ஒயர் போடுங்கள், சுருளை முழுக்கப் பிரித்து விடுங்கள், சுருட்டியபடியே கிரைண்டர் ஓட்டினால் ஒயர் சூடேறி உருகவும் கூடும்.

காற்றில் ஓடும் மிஷினில் பலர் ஏமாறுவது காற்றை அழுத்தித் தருகிற கம்ப்ரசரில்தான். மிஷின் மலிவு, எடை குறைவு, லோடில் சிக்கி நின்றாலும் எரிய மோட்டார் கிடையாது. ஆனால் 90 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒரு குதிரைத்திறன் கம்ப்ரசர் தோராயமாக 3 முதல் 4 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்றுதான் தரும், தேய்க்கிற சாண்டரோ 10-க்கு மேல் கேட்கும். பெங்களூர் ரோட்டுப் பஞ்சர் கடைக்குக் காற்றடிக்க எப்படியும் கம்ப்ரசர் வேண்டும், நட்டு கழற்றுவதும் சில நொடி வேலை, அவர்களுக்கு ஏர் ரெஞ்ச் கச்சிதம். வீட்டில் நாலு ஆணி அடிக்கக் கம்ப்ரசர் வாங்குவது வீண்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் பினிஷிங் யூனிட்டுகளில் தீப்பற்றக்கூடிய சால்வென்ட் (கரைப்பான்) ஆவி நிற்கிற இடம் என்றால் பேச்சே வேறு. சாதாரண பேட்டரி டிரில்லிலும் தீப்பொறி வரும், ஒயர் இல்லாததால் ஆபத்தில்லை என்று நம்பி உள்ளே கொண்டுபோகாதீர்கள். அங்கே காற்று மிஷின்தான், அதிலும் எர்த், காற்றோட்டம் எல்லாம் சரி பார்த்த பிறகே.

பழைய கம்ப்ரசர் வாங்குகிறவர்கள் டேங்க் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து பாருங்கள். துருத் தண்ணீர் நிறைய கொட்டினால் உள்ளே தகடு அரித்திருக்க வாய்ப்பு அதிகம், அழுத்தத்தில் வெடிக்கலாம், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். புதிது வாங்கினாலும் தினமும் சாயங்காலம் டேங்கில் சேரும் தண்ணீரை இறக்கிவிடுங்கள்.