காற்று சீசனுக்கு முன்னால் கெப்பாசிட்டர் பேனலைத் திறந்து பாருங்கள்

முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் வைகாசியில் காற்று எழும்பிவிட்டால் மெஷினை நிறுத்த யாருக்கும் மனசு வராது. பழைய 225, 250 கிலோவாட் காற்றாலை வைத்திருப்பவர்கள் லைன் சம்பந்தமான வேலைகளைச் சித்திரைக்குள் முடித்துவிடுங்கள். டிரிப் ஆகும்போதெல்லாம் சப்ஸ்டேஷனைத்தான் திட்டுகிறோம். நான் போய்ப் பார்த்த பல இடங்களில் கோளாறு நம் பேனலுக்குள்ளேயே இருந்தது.

இந்த மெஷின்களில் இருப்பது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். யூனிட்டை லைனுக்குக் கொடுக்கும்போதே, காந்தப்புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் பவரை லைனிலிருந்து இழுக்கும். கெப்பாசிட்டர் அதைப் பக்கத்திலேயே கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் ஃபீடரில் (நம் மெஷின்களை சப்ஸ்டேஷனோடு இணைக்கும் லைன்) வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் 10% இறங்கினால் நல்ல கெப்பாசிட்டரும் 19% குறைவாகத்தான் கொடுக்கும். அதனால் இன்னும் இறங்கும். கடைசியில் அந்த ஃபீடரில் உள்ள எல்லா மெஷினும் நிற்கும்.

பிரேக்கரை ஆஃப் செய்து, கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆகும்வரை பொறுங்கள். மீட்டரில் பார்த்து, எர்த் ராடு வைத்த பிறகே கை வையுங்கள். இதில் அவசரம் வேண்டவே வேண்டாம். வயிறு உப்பிய கெப்பாசிட்டர் கேன், எண்ணெய்க் கசிவு, கருகிய லக் (வயர் முனை) இருக்கிறதா பாருங்கள். மூடிவிட்டு சப்ளை கொடுத்து, ஒவ்வொரு ஸ்டேஜிலும் (தனித்தனியாக ஆன் ஆகும் கெப்பாசிட்டர் தொகுதி) மூன்று பேஸுக்கும் கிளாம்ப் மீட்டர் போடுங்கள். ஒரு பேஸில் ஆம்ப்பியர் குறைந்தால் கேன் போய்விட்டது. அதே கேவிஏஆர் (ரியாக்டிவ் பவரை அளக்கும் அலகு) அளவில்தான் மாற்ற வேண்டும். கூடுதலாகப் போட்டால், லைன் போன நொடியில் ஜெனரேட்டர் தானே வோல்டேஜைக் கிளப்பி கன்ட்ரோலரை எரித்துவிடும்.

ஜம்பர் (லைன் கம்பிகளை இணைக்கும் துண்டு வயர்), இன்சுலேட்டர், லைனை உரசும் மரக்கிளை எல்லாவற்றையும் அதே ஷட்டவுனில் பார்த்துவிடலாம்.

ரிலே (கோளாறு வந்தால் மெஷினை டிரிப் செய்யும் கருவி) செட்டிங்கை நீங்களாக மாற்றாதீர்கள். ஆனால் லைன் திரும்பி வந்ததும் மெஷின்கள் ஒரே நேரத்தில் ஏறாதபடி, பக்கத்து உரிமையாளர்களோடு பேசி ரீஸ்டார்ட் நேரத்தை முன்பின்னாக வையுங்கள். எல்லாம் சேர்ந்து ஏறினால் வோல்டேஜ் மறுபடி விழும்.

சீசன் நடுவில் மெஷினை நிறுத்த நேர்ந்தால், ஷெட்யூல் போடுபவருக்கு (நம் மெஷின்கள் எவ்வளவு மின்சாரம் கொடுக்கும் என்று முன்கூட்டியே கிரிட்டுக்குச் சொல்பவர்) முன்னாலேயே போன் போடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒன்றாக நாளுக்கு 96 பிளாக்கில் கணக்குக் கொடுக்கிறார்; நிற்கிற மெஷினை ஓடுவதாக அவர் எழுதினால், அந்த இடைவெளியை நிரப்ப வேறெங்கோ ஒரு நிலையத்தை அவசரமாக ஏற்ற வேண்டியிருக்கும்.