திகதி மார்கழியில் விழுந்தால்

கர்ப்பிணி அட்டையைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது பிரசவத் திகதியை. அது ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் விழுந்திருந்தால் அடுத்த கேள்வி பாதையைப் பற்றியது. தார் வீதிக்கு எவ்வளவு தூரம்? இடையில் குளத்து வான் குறுக்கிடுகிறதா? இரவில் யானை நிற்கும் இடமா?

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமங்களில் மருத்துவமாதாக அலைந்தவள் நான். ஒரு மார்கழி இரவில், நோ தொடங்கிய முதல் பிள்ளைக்காரியை லாண்ட்மாஸ்டர் என்ற சிறிய உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றித் தறப்பாளைப் பிடித்துக்கொண்டு போனோம். பிள்ளை சுகமாகப் பிறந்தது. எனக்குத்தான் இரண்டு நாள் கை நடுக்கம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு மாரியில் 37 வாரம் நிறைந்த எவரையும் உட்கிராமத்தில் இருக்க விடுவதில்லை. முல்லைத்தீவு அல்லது மாங்குளம் வீதியோரம் உறவினர் வீடு இருந்தால் அங்கே போய்விடுங்கள். மாமியார் முறைப்பார், முறைக்கட்டும். அப்படி வீடு இல்லையென்றால் கிளினிக் டொக்டரிடம் நிலைமையைச் சொல்லி, முன்கூட்டியே வைத்தியசாலை விடுதியில் சேர்வதைப் பற்றிக் கேளுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம். ஆனால் முற்றத்தில் எந்த மூலையில் சிக்னல் கிடைக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு விழுங்காதீர்கள். தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு இரவில் எடுங்கள். கல்சியத்தைப் பகலில், வேறாக. கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமா தாய்க்குத் தந்தது, வீட்டுப் பிள்ளைகளுக்குப் பலகாரம் செய்ய அல்ல.

பிள்ளையின் துடிப்பை எண்ணப் புளியங்கொட்டை போதும். காலைச் சாப்பாடு முடிந்ததும் தொடங்கி, ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு கொட்டையைச் சிரட்டையில் போடுங்கள். 12 மணித்தியாலத்துக்குள் 10 சேர வேண்டும். சேராவிட்டாலோ, வழமையான துடிப்பு குறைந்ததாகப் பட்டாலோ விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, முகம் வீங்குதல் ஆகியவற்றை வெயிலின் தலையில் கட்டாதீர்கள். பிரஷர் 140/90 ஆக இருந்தாலே எங்களுக்கு அது எச்சரிக்கை. வலிப்பு வந்தால் இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். கையில் இரும்புத் திறப்பைக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் 1990ஐ அழுத்தினால் உதவியாக இருக்கும்.

பன்னீர்க்குடம் உடைந்தால் நோ இல்லாவிட்டாலும் புறப்படுங்கள். நீர் பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் அதைத் தாதியிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரத்தம் பட்டால் கேள்வியே இல்லை. நோ ஒழுங்காக வரத் தொடங்கியதும் ஓட்டோவுக்கு அழையுங்கள்; இரண்டாம் பிள்ளை என்றால் இன்னும் விரைவாக.

பிரசவ அறையில் துணைக்கு நிற்கும் தாய்க்கோ தமக்கைக்கோ சில வேலைகள் உண்டு. நோ வரும்போது பிள்ளை பெறுபவளின் இடுப்பின் கீழ்ப்பகுதியை உள்ளங்கையின் அடியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். நோ விட்டதும், தாதி அனுமதித்தால், ஒரு மிடறு இனிப்புத் தேநீர். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சலம் கழிக்க ஞாபகப்படுத்துங்கள். நிறைந்த சலப்பை பிள்ளையின் தலை இறங்குவதைத் தடுக்கும். மல்லாந்து கிடக்காமல் இடப்பக்கம் சரியச் செய்யுங்கள். "முக்கு, முக்கு" என்று நீங்கள் கத்த வேண்டாம். கருப்பை வாய் முழுதாகத் திறந்ததா என்பது தாதிக்குத் தெரியும். அதற்கு முன் முக்கினால் களைப்புத்தான் மிச்சம்.

வழியிலேயே பிள்ளை வந்துவிட்டால் இழுக்காதீர்கள், கையில் ஏந்துங்கள். துணியால் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சில் போட்டு இருவரையும் மூடுங்கள். தொப்புள்கொடியை வெட்டப் பிளேட்டைத் தேட வேண்டாம். கொடி அப்படியே இருக்கட்டும். வயிற்றை அமுக்காதீர்கள். நச்சுக்கொடி தானாக விழுந்தால் ஒரு பையில் போட்டுப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவாருங்கள். முழுதாக வந்திருக்கிறதா என்று நாங்கள் விரித்துப் பார்க்க வேண்டும்.