30 விநாடியில் ஓர் ஆள்

உருவம் வரைந்து பழக கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு நல்ல இடம். அங்கே யாரும் ஆடாமல் நிற்பதில்லை. தினம் 20 நிமிடம், மென்மையான 4பி பென்சில், மலிவான நோட்டு போதும். ஆளுக்கு 30 விநாடிதான். முகத்தைத் தொடவே வேண்டாம்.

முதலில் எடை எந்தக் காலில் என்று பாருங்கள். அந்தப் பக்க இடுப்பு ஏறும், தோள் இறங்கும். கழுத்துக்குழியிலிருந்து நேர்கீழே கோடு விட்டால் எடை தாங்கும் காலின் கணுக்காலருகே விழவேண்டும்; விலகினால் ஆள் விழப்போவதுபோல இருப்பார். ஒரு கையில் கனமான பை தூக்கியவருக்கு இது பொருந்தாது, உடல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்.

ஆளின் உயரம் அவர் தலையைப் போல சுமார் ஏழரை மடங்கு. நடுப்பாதி இடுப்பில் அல்ல, கவட்டில். தலையைப் பெரிதாகப் போட்டுவிட்டுக் காலுக்கு இடமில்லாமல் தவிப்பதுதான் வழக்கமான தப்பு. உச்சியையும் பாதத்தையும் முதலிலேயே குறித்துவிடுங்கள். ரப்பர் வீட்டிலேயே இருக்கட்டும்.