பழைய வெள்ளி ரூபாய் அசலா? வீட்டிலேயே சோதிக்கும் முறை

பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ஒரு ரூபாய் கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது ராஜா, ராணி முகத்தைத்தான். போலி செய்கிறவர்களும் அங்கேதான் அதிகம் மெனக்கெடுவார்கள். அதனால் நான் முகத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன்.

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, பத்து மடங்கு லென்ஸ், காந்தம், மெல்லிய தூண்டில் நரம்பு போதும். லென்ஸுக்குப் பதில் செல்போன் கேமரா வேண்டாம். அது படத்தைத் தானாகவே கூர்மையாக்கி, பார்க்க வேண்டிய மழுங்கலை மறைத்துவிடும்.

1. காந்தம். வெள்ளி ஒட்டாது. ஒட்டினால் ஆண்டைப் பாருங்கள். 1947 ரூபாய் நிக்கல், அது ஒட்டத்தான் வேண்டும்.

2. விளிம்பு. விக்டோரியா முதல் ஐந்தாம் ஜார்ஜ் வரை விளிம்பில் நேர்வரிகள் ஒரே சீராக ஓடும். 1940-ல் வெள்ளியின் அளவு 91.7 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைந்தது. கள்ள நாணயத்தைத் தடுக்க ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதுகாப்பு விளிம்பும் வந்தது. வரிகளின் நடுவே வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் சுற்றிவரும், அதற்குள் நுண்ணிய வேலைப்பாடு இருக்கும். வார்த்தெடுத்த போலியில் அந்தப் பள்ளம் தூர்ந்துபோயிருக்கும், இல்லையென்றால் அச்சுகள் சேர்ந்த இடத்தை அரத்தால் ராவிய தடம் தெரியும்.

3. எடை. 11.66 கிராம், அதாவது பழைய எடைக் கணக்கில் சரியாக ஒரு தோலா. தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம். கவனிக்கும்படி கூடியிருக்கக் கூடாது.

4. தண்ணீர். இதில்தான் பலர் தடுமாறுவார்கள், நிதானமாகச் செய்யுங்கள். தராசில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நரம்பில் கட்டி, முழுக்க மூழ்கும்படி கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. பட்டால் எண் சட்டென்று ஏறிவிடும். இப்போது தராசு காட்டுவது காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும்.

91.7 சதவீத வெள்ளிக்கு அடர்த்தி சுமார் 10.3. அதாவது முழு எடையுள்ள காசுக்குத் தராசு 1.13 அளவில் காட்டும். வெள்ளி முலாம் பூசிய செம்பு என்றால் 1.30 பக்கம் போகும். 1940 முதல் வந்த 50 சதவீதக் காசுக்கு 1.22 வரலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வில்லங்கம் காற்றுக் குமிழியில் இருக்கிறது. விளிம்பு வரிகளிலும் எழுத்து இடுக்குகளிலும் குமிழிகள் ஒட்டிக்கொண்டால் எண் கூடி, அசல் காசே போலி மாதிரி தெரியும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, காசை உள்ளேயே லேசாக ஆட்டுங்கள். பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சும் என்பதால்தான் நரம்பு கேட்டேன். மூன்று முறை எடுத்து, எண்கள் ஒத்துப்போனால் மட்டும் நம்புங்கள்.

5. முகம். இப்போது லென்ஸை எடுங்கள். அச்சடித்த காசில் எழுத்தின் ஓரம் செங்குத்தாக எழும்பி நிற்கும். வார்த்ததில் ஓரம் வழுக்கி, எழுத்தைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பில் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள் தெரியும். 1911 ரூபாய் என்றால் ராஜாவின் அங்கியிலுள்ள யானையைப் பாருங்கள். அந்த ஆண்டு அது பன்றி போலிருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912-ல் துதிக்கையைத் திருத்தினார்கள். திருத்திய யானையுடன் 1911 என்றிருந்தால் ஆண்டில் கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

பின்சேர்க்கை: ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் பின்புறம் அடியில் புள்ளி இல்லையே என்று சிலர் கேட்டார்கள். புள்ளி பம்பாய் நாணயச்சாலையின் அடையாளம். கல்கத்தாவில் அடித்தவற்றில் அது இருக்காது, கவலை வேண்டாம்.

காசுமாலையில் கோத்திருந்த காசு என்றால் வளையத்தைப் பற்றவைத்த இடத்தில் வேறு உலோகம் சேர்ந்திருக்கும். எடையும் அடர்த்தியும் இரண்டுமே மாறும். அதற்குத் தண்ணீர்ச் சோதனையை நம்பாமல், விளிம்பையும் எழுத்தின் ஓரத்தையும் வைத்தே பாருங்கள். புளி போட்டுத் தேய்த்துவிட்டு மட்டும் லென்ஸில் பார்க்காதீர்கள், பார்க்க வேண்டிய தடங்களெல்லாம் அதோடு போய்விடும்.